ஃப்யூரியை 1975-க்கு அனுப்பினால் ஜெயிப்பாரா? ரிஷிவந்தியம் டீக்கடையில் ஒரு பாக்ஸிங் பஞ்சாயத்து!

ரிஷிவந்தியம் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. கள்ளக்குறிச்சி பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. காலேஜ் போகும் பையன் செல்போனை டீ டம்ளரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் தாத்தா மெதுவாக எட்டிப் பார்க்கிறார்.

"யார்றா இவன், பனமரம் மாதிரி நிக்கறான்?"

"டைசன் ஃப்யூரி தாத்தா. 6 அடி 9 அங்குலம். 127 கிலோ."

"எதுக்க நிக்கற அந்தக் குள்ளப்பையன்?"

"அவர் குள்ளம் இல்ல. உசிக். அவரும் 6 அடி 3 அங்குலம். இவர் பக்கத்துல நின்னா அப்படித் தெரியுது."

தாத்தா ஒரு வாய் டீ குடித்தார். "அலி இருந்திருந்தா இந்தப் பனமரத்த பத்தாவது ரவுண்டுல சாச்சிருப்பான்."

அவ்வளவுதான், பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "அலி எடை 98 கிலோ தாத்தா. ஃப்யூரி சும்மா மேல சாஞ்சாலே அலி உக்காந்துடுவாரு" என்கிறான் பேரன். "நீ அலிய பார்த்திருக்கியா?" என்கிறார் தாத்தா. டீ மாஸ்டர் வரைக்கும் ஆளுக்கொரு கட்சி.

சண்டையைப் பற்றிப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 2011-ல் ரிஷிவந்தியம் தொகுதி எம்.எல்.ஏ-வாகத் தேர்ந்தெடுத்ததே விஜயகாந்தைத்தான். சுவரில் கால் வைத்துச் சுழன்று அடித்தவர் ஓட்டுக் கேட்டு வந்த ஊரில், நாக் அவுட் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி சுலபமானது இல்லை. சச்சினா, கோலியா என்று அடித்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும். இன்றைய ஹெவிவெயிட் ஒருவரை அப்படியே தூக்கி 1975-லோ, 1919-லோ இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

பேரன் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் பார்க்கலாம். ஆட்கள் பெரிதாகிவிட்டார்கள் என்பது உண்மை. 49 சண்டைகளில் 49-ஐயும் ஜெயித்து, தோல்வியே இல்லாமல் 1956-ல் ஓய்வு பெற்றவர் ராக்கி மார்சியானோ. அவர் எடை சுமார் 85 கிலோ, உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்று மேல். இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை. 90.7 கிலோ வரை உள்ளவர்களுக்கான க்ரூசர்வெயிட் பிரிவில்தான் அவரை நிறுத்துவார்கள். ஃப்யூரியோடு அவரை ஏற்றினால் வித்தியாசம் 40 கிலோவுக்கு மேல். இந்த ஜோடிக்கு இன்று யாரும் மேட்ச் போட மாட்டார்கள்.

அப்படியென்றால் பெரிய ஆள்தான் ஜெயிப்பாரா? இங்கேதான் தாத்தா சிரிக்கிறார்.

பனைமரங்கள் அந்தக் காலத்திலும் இருந்தன. 1915-ல் ஹவானாவில், 45 ரவுண்டுக்கு ஏற்பாடு செய்த சண்டையின் 26-வது ரவுண்டில் ஜாக் ஜான்சனைச் சாய்த்து உலக சாம்பியன் ஆனவர் ஜெஸ் வில்லார்ட். ஆறரை அடிக்கும் மேல் உயரம். நான்கு வருடம் கழித்து, 1919 ஜூலை 4 அன்று, அவர் எதிரில் வந்து நின்றவர் ஜாக் டெம்ப்ஸி. வில்லார்டைவிட சுமார் 26 கிலோ குறைவு. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 1935-ல் சுமார் 118 கிலோ எடையுள்ள ப்ரீமோ கார்னெராவை, 89 கிலோ ஜோ லூயிஸ் ஆறாவது ரவுண்டில் முடித்தார். ரொம்பப் பின்னால் போக வேண்டாம். 2009-ல் 7 அடி ராட்சசன் நிகோலாய் வாலுவேவை 6 அடி 3 அங்குல டேவிட் ஹே பாயின்ட்ஸில் தோற்கடித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேரன் போனில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சண்டையே சாட்சி. 2024 மே 18, ரியாத். அதுவரை தொழில்முறையில் தோல்வியே காணாத ஃப்யூரியை உசிக் வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி மோதினார்கள். ஃப்யூரி 127 கிலோ, உசிக் 102 கிலோ. நடுவில் 25 கிலோ வித்தியாசம், அதாவது முழுசாக ஒரு சிப்பம் அரிசி. மறுபடியும் உசிக்தான் ஜெயித்தார். உசிக்கின் உயரம் 191 சென்டிமீட்டர். முகமது அலியின் உயரமும் அதுவேதான்.

'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்கு டான்ஸிங் ரோஸை மறக்க முடியாது. எதிராளி குறி வைக்கும்போது அங்கே இருக்க மாட்டார், குத்து விழும்போது பக்கத்தில் இருப்பார். உசிக் செய்வதும் ஏறக்குறைய அதுதான். இடது கைக்காரர் என்பதால் கோணமும் மாறும். பெரிய ஆள் திரும்பி முடிப்பதற்குள் இவர் இடம் மாறியிருப்பார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் 127 கிலோவையும் சேர்த்துத்தான் ஃப்யூரி திருப்ப வேண்டும். அதற்கான விலையை எட்டாவது, ஒன்பதாவது ரவுண்டில் கால் கேட்கும். ரியாத்தில் ஒன்பதாவது ரவுண்டில்தான் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடி, ரெஃப்ரி எண்ண வேண்டி வந்தது.

"அதான் நானும் சொன்னேன், பத்தாவது ரவுண்டுன்னு" என்கிறார் தாத்தா. ஒரு ரவுண்டுதான் தப்பு.

மண் தரையா, மேட்டா?

ஆனால் இந்தப் பஞ்சாயத்தின் உண்மையான முடிச்சு உயரத்திலும் எடையிலும் இல்லை. அது ரூல் புக்கில் இருக்கிறது.

கபடியை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். கோயில் திருவிழாவுக்கு மண் தரையில் விளையாடிய அந்தக் காலத்து ரெய்டரை, இன்றைய ப்ரோ கபடி மேட்டில் ஷூ மாட்டி, 30 விநாடி கடிகாரத்தோடு இறக்கினால் திணறுவார். ப்ரோ கபடி ஸ்டாரை வெயில் நேரத்தில் வெறுங்காலோடு மண்ணில் இறக்கினால் அவரும் திணறுவார். ஆட்டம் ஒன்றுதான், தரை வேறு.

பாக்ஸிங்கில் அந்தத் தரை என்பது ரவுண்டுகள். அலி காலத்தில் உலக சாம்பியன் சண்டை 15 ரவுண்டு. இன்று 12. வெறும் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிடம் என்று தோன்றும். வயலில் நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவரிடம் 'இன்னும் ஒன்பது கட்டு தூக்கு' என்று சொல்வதைப் போன்றது அந்த ஒன்பது நிமிடம். 1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய மூன்றாவது சண்டை. இன்றைய விதிப்படி அது 12-ல் முடிந்திருக்கும். அன்று 13 நடந்தது, 14 நடந்தது. ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. குத்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தார். 15-வது ரவுண்டுக்கு அவரை அனுப்ப மாட்டேன் என்று அவருடைய ட்ரெயினர் எடி ஃபட்ச் நிறுத்திவிட்டார். ஜெயித்த அலியே, சாவுக்கு மிக அருகில் போய் வந்ததைப் போல இருந்தது என்றுதான் பின்னால் சொன்னார்.

அந்த 13, 14, 15-வது ரவுண்டுகளுக்கு இன்றைய ராட்சசர்கள் யாருமே பயிற்சி எடுத்ததில்லை. தேவையும் இல்லை. 127 கிலோ உடம்பை 36 நிமிடத்துக்குத் தயார் செய்வது ஒரு வேலை. 45 நிமிடத்துக்கு வேறு உடம்பே வேண்டும். ஃப்யூரி 1975-க்குப் போனால் முதலில் 15 கிலோவாவது குறைக்க வேண்டியிருக்கும். குறைத்துவிட்டால், பேரன் நம்பும் அந்த 'மேலே சாய்கிற' பலம் பாதி போய்விடும்.

அந்த மூன்று ரவுண்டு ஏன் காணாமல் போனது? 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய லைட்வெயிட் வீரர் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலக அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக 12 ரவுண்டுக்கு இறங்கின.

இன்னொரு விதியும் உண்டு. இன்று எதிராளி கீழே விழுந்தால், அடித்தவர் நியூட்ரல் கார்னருக்குப் போய் நிற்க வேண்டும். 1919-ல் அப்படி இல்லை. வில்லார்ட் எழ முயன்ற ஒவ்வொரு முறையும் டெம்ப்ஸி தலைமாட்டிலேயே நின்றார். முட்டி தரையை விட்டு எழுந்ததும் அடுத்த குத்து. இப்போது ஃப்யூரியின் வாழ்க்கையிலேயே பெரிய தருணத்தை யோசித்துப் பாருங்கள். 2018 டிசம்பர், டியோன்டே வைல்டர், 12-வது ரவுண்டு. மல்லாந்து விழுந்த ஃப்யூரி, செத்தவர் பிழைத்ததைப் போல எழுந்து நின்றார். அந்த விநாடிகளில் வைல்டர் மூலையில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அதே சண்டை 1919-ல் நடந்திருந்தால் வைல்டர் ஓரடி தூரத்தில் கையை ஓங்கியபடி நின்றிருப்பார்.

பேரனுக்கு ஒரு பாயின்ட் கொடுத்தாக வேண்டும். அந்த ஃப்யூரிதான் 2021-ல் அதே வைல்டரிடம் நான்காவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்து, எழுந்து, 11-வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். அவ்வளவு எடையிலும் மூச்சு இருந்தது. அதனால் 'நாக்கு தள்ளிடும்' என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

இந்தச் சண்டைக்கு மெஷினை வைத்தே தீர்ப்பு கேட்டவர்களும் உண்டு. 1969-ல், வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் தடையில் இருந்தார் அலி. மார்சியானோ ஓய்வு பெற்று 13 வருடம் ஆகியிருந்தது. இருவரின் விவரங்களையும் என்.சி.ஆர் 315 என்ற கம்ப்யூட்டரில் போட்டார்கள். அது தருகிற முடிவு எதுவாக இருந்தாலும் காட்டுவதற்காக, இருவரையும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து விதவிதமான முடிவுகளோடு படம் பிடித்தார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு நடித்தார். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டியபோது, 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. 1969 ஆகஸ்டில் நடந்த விமான விபத்தில் இறந்துவிட்டார்.

அந்த முடிவை நம்பியவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும். எந்த எண்ணைப் போடுகிறோமோ அதைத்தானே மெஷின் திருப்பித் தரும்?

நிஜமான சாட்சி ஒருவர் உண்டு. இரண்டு காலத்திலும் ஒரே உடம்போடு ரிங்கில் நின்றவர், ஜார்ஜ் ஃபோர்மேன். 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். 1977-ல் ஓய்வு. பத்து வருடம் கழித்து, மொட்டைத் தலையும் தொப்பையுமாகத் திரும்பி வந்தபோது ஊரே சிரித்தது. 1991-ல் ஹோலிஃபீல்டோடு முழு 12 ரவுண்டும் நின்றார், தோற்றாலும் விழவில்லை. 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், அதுவரை தோற்றே இராத 26 வயது மைக்கேல் மூரரை பத்தாவது ரவுண்டில் சாய்த்து மறுபடி உலக சாம்பியன் ஆனார். அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். கின்ஷாசாவில் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைத்தான் அன்றும் போட்டிருந்தார் என்பார்கள்.

70-களின் ஆள் 90-களில் ஜெயிக்க முடிந்தது என்றால், பழைய காலத்து ஆட்கள் இன்று தூள் தூளாகிவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டுப்போகிறது. ஆனால் ஃபோர்மேனும் பழைய ஃபோர்மேனாக வரவில்லை. சுமார் 14 கிலோ கூடியிருந்தார், வேகம் குறைந்திருந்தது, எங்கே மூச்சைச் சேமிப்பது என்று கற்றிருந்தார். காலம் மாறியதற்கு ஏற்ப ஆளும் மாறினார்.

மாறாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் உலகமே பார்த்த மைக் டைசன் - ஜேக் பால் சண்டை போதும். 58 வயது டைசனுக்காக ரவுண்டை இரண்டு நிமிடமாகக் குறைத்தார்கள், கையுறையைக் கனமாக்கினார்கள். அப்படியும் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

இதில் யாரும் அதிகம் யோசிக்காத ஒரு கோணமும் இருக்கிறது. ஃப்யூரியை டைம் மெஷினில் அனுப்பாமல், 1900-லேயே பிறக்க வைத்தால்? 1988-ல் மான்செஸ்டரில் மூன்று மாதம் முன்கூட்டியே பிறந்தவர் அவர். பிறந்தபோது எடை ஒரு பவுண்டு, அதாவது அரை கிலோகூட இல்லை. மைக் டைசனின் பெயரைத்தான் அப்பா அந்தக் குழந்தைக்கு வைத்தார். 1900-ல் அந்தக் குழந்தைக்கு அநேகமாக முதல் ரவுண்டே இருந்திருக்காது.

பேரன் இதைக் கேட்டதும் போனை அணைத்துவிட்டான். "அரை கிலோவா?" என்று டீ மாஸ்டர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

சென்னைக்கு வந்த அலி

தாத்தா இளவயதில் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் வாடகைக்கு இருந்தவர். வட சென்னையில் பரம்பரை பரம்பரையாக நடந்த பாக்ஸிங்கை விசில் அடித்துப் பார்த்தவர். 1980-ல் அலி இந்தியாவுக்கு வந்தபோது, டெல்லியில் ஜனவரி 27 அன்று இந்திய ராணுவ வீரர் கவுர் சிங்குடன் நான்கு ரவுண்டு காட்சிச் சண்டை ஆடினார். இரண்டு வருடம் கழித்து டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் அந்த கவுர் சிங். அதே பயணத்தில் அலி சென்னைக்கும் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு ரிங்கில் இறங்கினார்.

"கூட்டம்னா கூட்டம். நான் எங்கியோ பின்னால. அவன் கைய தூக்கினதும் எல்லாரும் எழுந்துட்டாங்க. ஒண்ணும் தெரியல. ஆனா பார்த்தேன்."

அன்று அலிக்கு 38 வயது. சிரித்துக்கொண்டு, கையாட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்த கூட்டத்துக்கு ஒன்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய டாக்டர் ஃபெர்டி பாச்சேகோ, 'இனி ஆடாதீர்கள்' என்று சொல்லிப் பார்த்து, கேட்காததால் 1977-லேயே விலகிப் போயிருந்தார். சென்னையில் அலி கையாட்டிய அதே வருடம் அக்டோபரில், ஓய்வை விட்டு வந்து லாரி ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்கே ஸ்பாரிங் பார்ட்னராக இருந்தவர். பத்து ரவுண்டு வாங்கினார் அலி, திருப்பி அடிக்கவே முடியவில்லை. ட்ரெயினர் ஏஞ்சலோ டண்டீ போதும் என்று நிறுத்தினார். 1984-ல் பார்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காலத்து ஆட்களின் தெம்பைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு யார் வாயிலும் வருவதில்லை. 1966-ல் மட்டும் அலி ஐந்து முறை உலகப் பட்டத்துக்காக மோதினார். உசிக்கும் ஃப்யூரியும் வருடத்துக்கு ஒன்றோ, இரண்டோதான். பேரன் தலைமுறை அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். இன்றைய ஹெவிவெயிட் ஒருவரை அலி காலத்துக்கு அனுப்பினால், 15 ரவுண்டோடு சேர்த்து அலியின் மற்ற வருடங்களும் அவர் கணக்கில் ஏறும்.

உசிக் போனால்? அவர் எந்தக் காலத்திலும் சாம்பியன் ஆகியிருப்பார். எடை, கால் வேகம், மூச்சு மூன்றுமே 1975-க்குப் பொருந்தும். அலியோடு 15 ரவுண்டு ஆடினால் பாயின்ட்ஸில் அலி நூலிழையில் ஜெயித்திருக்கலாம். ஃப்யூரி போனால் முதல் ஆறு ரவுண்டு யாருக்கும் தலைவலிதான், அலிக்கும். அந்த ஆறில் முடிக்காவிட்டால் பிறகு தாத்தா சொன்னதுதான் நடக்கும். பேரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தாத்தா 'நூலிழை' என்ற வார்த்தையை ஒப்புக்கொள்ளவில்லை.

"1996-ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல தீபம் ஏத்தினாரே, அத பார்த்தியா தாத்தா?" என்று கேட்டான் பேரன். அவன் யூடியூபில் பார்த்தது. அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

"டி.வி-ல பார்த்தேன்." தாத்தா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு கைல தீவட்டி. இன்னொரு கை அப்படியே ஆடிக்கிட்டே இருந்துச்சு. உங்க பாட்டி, யாருங்க அது, குளுருதா அந்தாளுக்குன்னு கேட்டா."

கள்ளக்குறிச்சி பஸ் வந்துவிட்டது. பேரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். தாத்தா சட்டைப் பையில் துழாவி, இரண்டு டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.